பெருப்பித்தலும் சிறுப்பித்தலும்

பள்ளிப் படிப்பு இனிப் போதும் என்று வீட்டார் தீர்மானித்த 1979ஆம் ஆண்டில், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியை அண்டிய ஓர் ஒழுங்கையிலே சித்தப்பா நடத்திவந்த ஸ்டூடியோவின் இருட்டறைக்குள் நான் முதன்முதலாகக் கால்வைத்தபோது, எனக்குக் கிடைத்த உத்தியோகம் படம் பெருப்பிப்பது. தூணிலே ஏறி இறங்கும் அந்த யந்திரத்தின் தலையை உயர்த்திப் படத்தின் நீளத்தையும் அகலத்தையும் இரட்டித்தால், அதே வெளிச்சம் நாலு மடங்கு பரப்பிலே பரவ வேண்டியிருப்பதால் தாளுக்கு நாலு மடங்கு நேரம் வெளிச்சம் காட்ட வேண்டும் என்ற கணக்கை, வீணாய்ப்போன தாள்களுக்காகச் சித்தப்பாவிடம் வாங்கிய ஏச்சின் மூலமாகவே கற்றுக்கொண்டேன்.

அக்காலத்தில் எங்களிடம் வந்த வேலைகளில் இன்றும் நினைவில் நிற்பவை கல்வெட்டுக்குரிய படங்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று இறந்தவரின் படத்தோடு வெளியிடும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். அதற்கென்று தனியே எடுத்த படம் பல வீடுகளில் இராது. ஒருநாள் ஓர் அம்மா, உறவினர் இருபது பேருக்குமேல் வரிசை வரிசையாய் நின்ற ஒரு கலியாணப் படத்தைக் கொண்டுவந்து, பின்வரிசையில் தூணோரம் நின்ற இளைஞனைத் தொட்டுக் காட்டி, "இவன்ர முகத்தை மட்டும் சுவரிலை மாட்டிற அளவுக்குப் பெருப்பிச்சுத் தாங்கோ" என்று கேட்டார். எங்கள் ஸ்டூடியோவே எடுத்த படமாதலால் நெகற்றிவ் கைவசம் இருந்தது; ஆனால் அதிலே அந்த முகம் அரிசிமணியில் பாதிகூட இல்லை. சித்தப்பா பன்னிரண்டுக்குப் பத்து அங்குலத் தாளிலே போட்டுப் பார்த்தார். முகம் கரைந்து, மணல் தூவியதுபோல் வெள்ளிப் பருக்கைகள் மாத்திரம் எஞ்சின. "இல்லாததைப் பெருப்பிக்கேலாது, தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தபாலட்டை அளவிலே, சற்று மங்கலாயினும் ஆள் அடையாளம் கெடாத ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா அதை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சிறிதாயிருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்று அதே முகத்தை ஒரு கைப்பேசி கண நேரத்தில் பெருப்பித்து, இமை மயிர்வரை எழுதிக் காட்டிவிடும். அது அந்த இளைஞனுடைய இமையன்று. முன்பின் அறியாத எத்தனையோ பேருடைய இமைகளைப் பார்த்துப் பழகிய யந்திரத்தின் அனுமானம். அதற்குப் பெருப்பித்தல் என்று பெயரிட என் மனம் ஒப்புவதில்லை.

1983 யூலையில் ஸ்டூடியோ எரிந்தது. பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த நெகற்றிவ்களும் அதோடு போயின. அதன்பிறகு வந்தவர்கள் கொண்டுவந்தவையெல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் பிரதிகளும், பணப்பையில் மடிந்து கிடந்த துண்டுகளுமே. நான் சில காலம் அச்சுக்கூடமொன்றில் புளொக் எடுக்கும் கமராவோடும், பின்னர் ஸ்கானரோடும் மல்லாடி, கடைசியில் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையின் மாடி அறைக்கு வந்து சேர்ந்தேன். கரையோரப் புகையிரதம் போகும்போதெல்லாம் மேசையிலுள்ள தேநீர்க் கோப்பை மெல்லக் கிணுகிணுக்கும் அந்த அறையில், இந்தப் பத்தாண்டாக நான் செய்துவருவது கொட்டாஞ்சேனையில் கற்றதற்கு நேர்மாறான தொழில். படங்களைச் சிறுப்பிக்கிறேன்.

யந்திரவியல் படித்த என் மருமகன்தான் என்னை இதிலே இழுத்துவிட்டான். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் கொழும்பில் தோன்றிய நாள்தொட்டு இந்நாட்டுத் தமிழர் அச்சிட்டுக் குவித்த தாள்களில், கறையானுக்கும் தீக்கும் தப்பியவற்றைப் படம் பிடித்துப் பேணும் முயற்சிகள் பல நடைபெறுகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் அவற்றுள் யாவரும் அறிந்தது. ஆனால் படம் படந்தான். 1956ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மரண அறிவித்தலைத் தேடுபவர், பக்கம் பக்கமாகக் கண்ணாலேயே புரட்ட வேண்டும். பக்கத்திலுள்ள எழுத்தைக் கணினி தானே வாசித்துச் சொல்லத் தெரிந்துகொண்டால் அந்தச் சிரமம் ஒழியும். அப்படி வாசிக்கும் எழுத்துணரி ஒன்றைப் பழைய ஈழத்துப் பத்திரிகை அச்சுக்கென்றே பழக்குவது மருமகனின் வேலை. பழக்குவதற்குரிய படங்களை ஆயத்தம் செய்வது என்னுடையது.

யந்திரத்துக்கு ஓர் எழுத்தைக் கற்பிக்க அதன் படங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். எங்களிடம் இருந்ததோ கொஞ்சம். இருக்கும் படத்தையே சற்றுச் சிறுப்பித்தும், பெருப்பித்தும், நகர்த்தியும், சாய்த்தும், மையை மெலிவித்தும் பல படங்களாக்கிக் கொள்ளும் உபாயத்தைத் தரவுப் பெருக்கம் என்கிறார்கள். 2012இல், நம்மவர் ஏராளமாகக் குடியேறியிருக்கும் ரொறன்ரோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கிரிஷெவ்ஸ்கி, சுட்ஸ்கெவர், ஹின்ரன் என்னும் மூவர், பொருள்களை இனங்காணும் அலெக்ஸ்நெற் என்ற வலையமைப்பைப் பன்னிரண்டு இலட்சம் படங்கள் கொண்டு பழக்கியபோது, அத்தனை படங்கள் இருந்தும் போதாதென்று இந்த உபாயத்தைக் கையாண்டார்கள். ஒவ்வொரு படத்தையும் 256க்கு 256 கட்டமாகச் சிறுப்பித்து, அதற்குள்ளிருந்து 224க்கு 224 கட்டமுள்ள துண்டுகளை இடம் மாற்றி மாற்றி வெட்டி, கண்ணாடியிற் பார்த்தாற்போல் இடவலம் புரட்டியும் காட்டியதால், ஒரு படம் 2048 படங்களுக்குச் சமமாயிற்று. (பிக்சல் என்பதைப் படப்புள்ளி என்று எழுதுவோர் உண்டு. மெய்யெழுத்துப் புள்ளியோடு நாள் முழுதும் போராடும் எங்கள் அறையில் அந்தச் சொல் பெருங்குழப்பத்தை விளைவித்தமையால், நாங்கள் கட்டம் என்றே வழங்குகிறோம்.)

மருமகன் முதலில் இந்த முறையை அப்படியே பிரயோகித்தான். பூனைக்கும் மோட்டார் வண்டிக்கும் வகுத்த விதி தமிழ் எழுத்துக்குச் செல்லாது என்பதை எனக்கு உணர்த்தியது 'கொ' என்னும் ஓரெழுத்து. பூனையின் படத்தை எங்கே வெட்டினாலும், ஒரு காது போனால் போகட்டும், அது பூனைதான். 'கொ'வின் இடப்புறத்தை வெட்டினால் அது 'கா' ஆகிவிடும். வலப்புறத்தை வெட்டினால் 'கெ'. இருபுறமும் வெட்டினால் வெறும் 'க'. படத்தின் கீழே எழுதிவைத்த பெயரோ 'கொ' என்றே இருக்கும். இப்படிப் பொய்ப் பெயர் சூட்டிய ஆயிரம் படங்களைக் காட்டி யந்திரத்தைப் பழக்கிவிட்டு, அது பிழை விடுகிறது என்று நொந்துகொள்வதில் நியாயமில்லை. ஆகவே வெட்டுவதை அடியோடு விட்டோம். கண்ணாடிப் புரட்டலையும் விட்டோம். புரட்டிய தமிழை வாசிக்க வேண்டிய அவசியம் அம்புலன்சின் முன்புறத்துக்கு அப்பால் எங்கேயும் நேரிடுவதில்லை.

எஞ்சியது அளவு மாற்றம் ஒன்றே. அதிலே ஆபத்தில்லை என்றுதான் இருவரும் நினைத்தோம்.

ஆனால் வலையமைப்பு எல்லாப் படங்களையும் ஒரே சதுர அளவில் கேட்கும். தமிழிலோ 'ட' ஒடுக்கமானது. 'ணெள' என்று எழுதப்படுவது ஒரு புகையிரதப் பெட்டி நீளம். அகன்ற எழுத்தை நெருக்கிச் சதுரத்துக்குள் திணித்தால், மூன்று சுழி 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு சுழி 'ன'வைப்போலக் காட்சியளிக்கும். 'மணம்' என்று இருப்பதை 'மனம்' என்று வாசிக்கும் யந்திரத்தைக் கலியாண விளம்பரப் பக்கத்திலே அவிழ்த்துவிட முடியுமா? அமெரிக்காவில் எண்களை வாசிக்கப் பழக்குவதற்கென்று தொகுத்த எம்னிஸ்ற் தொகுதியைச் செய்தவர்கள் இந்த அபாயத்தை முன்னரே அறிந்திருந்தார்கள். ஒவ்வோர் எண்ணையும் அதன் நீள அகல விகிதம் கெடாமல் 20க்கு 20 கட்டத்துக்குள் அடக்கி, சுற்றிலும் வெறுமை விட்டு 28க்கு 28 கட்டமாக வைத்தார்கள். படத்தைச் சட்டத்துக்கு ஏற்ப இழுக்காமல், நாற்புறமும் வெள்ளைக் கரை விட்டுச் சட்டம் போடுவதைக் கொட்டாஞ்சேனையில் ஒவ்வொரு நாளும் செய்தவனாகையால், எனக்கு இதிலே புதுமை தோன்றவில்லை. எங்கள் எழுத்துக்களுக்கும் வெள்ளைக் கரை விட்டோம்.

அந்த வெள்ளைக் கரையிலும் ஒரு சூக்ஷ்மம் இருந்தது. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே வெட்டி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தால், 'ஔ'வின் வலப்புறத்திலுள்ள சின்ன 'ள'வும் 'ஒளி' என்பதிலுள்ள பெரிய 'ள'வும் ஒரே பருமனாகிவிடுகின்றன. அங்கே உருவத்தில் பேதமில்லை, பருமனே பேதம். ஔவையாரை ஒளவையார் என்று அச்சிட்ட பழைய பத்திரிகைகளுக்குக் கணக்கில்லை. அச்சுக்கோப்பவர் கையில் சிறிய அச்சு இல்லாதபோது பெரிய 'ள'வையே வைத்துவிடுவார். எது அச்சுக்கோப்பவர் வைத்தது, எது நாங்கள் சிறுப்பித்துக் கெடுத்தது என்று தெரியாத நிலையில், எழுத்தாக வெட்டுவதைக் கைவிட்டு, ஒரு வரியை முழு வரியாகவே எடுத்து, அதன் உயரத்தை மட்டும் நிலையான அளவுக்குக் கொண்டுவந்து, நீளத்தை அதன் போக்கிலே விட்டோம். பக்கத்து எழுத்தோடு சேர்த்துப் பார்த்தாலன்றி ஓரெழுத்தின் பருமன் தெரியாதல்லவா?

இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் பெரும் பிழை என்னாலேயே நேர்ந்தது. பதினைந்துக்கு இருபத்திரண்டு அங்குலமுள்ள ஒரு பத்திரிகைப் பக்கத்தை அங்குலத்துக்கு 400 கட்டமாக ஸ்கான் செய்தால் ஐந்து கோடியே இருபத்தெட்டு இலட்சம் கட்டங்கள் வரும். எங்கள் கணினி மூச்சுத் திணறியது. எல்லாப் பக்கங்களையும் நீளத்திலும் அகலத்திலும் நாலிலொன்றாக்கி, முப்பத்துமூன்று இலட்சத்துக்குக் கொண்டுவந்தேன். சிறு விளம்பர அச்சின் உடல் நாற்பத்துநாலு கட்டத்திலிருந்து பதினொன்றுக்கு இறங்கியது. ஆயினும் என் கண் அதைத் தட்டுத் தடுமாறி வாசித்தது. வேலை சுருக்காக முடியட்டும் என்று, நாலு கட்டத்துக்கு ஒரு கட்டமாகப் பொறுக்கி எடுத்து மற்றவற்றை எறிந்துவிடும் மிக எளிய முறையைத் தெரிந்தேன். சில கிழமை கழித்து மருமகன் கணினித் திரையை என் பக்கம் திருப்பிச் சிரித்தான்.

"மாமா, இதை வாசியுங்கோ."

ஐம்பதுகளில் வந்த ஒரு விளம்பரம். தாளிலே 'பல் வைத்தியர்' என்று இருந்தது. யந்திரம் 'பல வைத்தியர' என்று வாசித்திருந்தது. ஒற்றைப் பல் வைத்தியரைப் பல வைத்தியராக்கிய அந்த வாசிப்பைப் பார்த்து அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் என் கைவேலை என்று பார்த்தமாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது.

கொப்பியிலே கட்டம் போட்டு அவனுக்குக் காட்டினேன். தேய்ந்த சிறு அச்சிலே மெய்யின் புள்ளி குறுக்காக மூன்று கட்டம் இருக்கும். மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கு. நாலு நிரைக்கு ஒரு நிரையும் நாலு நிரலுக்கு ஒரு நிரலும் எடுத்தால், புள்ளியின்மேல் நிரை விழுவதற்கு நாலில் மூன்று வாய்ப்பு, நிரல் விழுவதற்கும் நாலில் மூன்று. இரண்டும் விழுந்தாலே புள்ளி பிழைக்கும். பெருக்கினால் பதினாறில் ஒன்பது. அதாவது பதினாறு புள்ளிகளில் ஏழு புள்ளியை நான் துடைத்து எறிந்திருக்கிறேன். அதுவும் ஒழுங்கில்லாமல்: ஒரே வரியில் ஒரு 'ல்' தப்பும், அடுத்த 'ல்' போகும். புள்ளியுள்ள படத்துக்கும் புள்ளி போன படத்துக்கும் 'ல்' என்றே பெயர் எழுதிக் கொடுத்தால், யந்திரம் அந்தப் புள்ளியை ஒரு பொருட்டாகவே கொள்ளாமல் விடுவது அதன் குற்றமா?

கொட்டாஞ்சேனை இருட்டறையில் இப்படியொரு பிழை நேரவே நேராது. வில்லை எந்தப் பருக்கையையும் எறிவதில்லை; சிறுப்பிக்கும்போது எல்லாவற்றையும் கலந்து மங்கலாக்கும். கணினியிலும் அதற்கு வழி உண்டு. பதினாறு கட்டங்களையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரு கட்டமாக்கினால், அதற்குள் அகப்பட்ட புள்ளி பாதிக்குச் சற்று மேற்பட்ட சாம்பல் நிறமாக நிற்கும். இரண்டு அல்லது நாலு கட்டங்களுக்கிடையே அகப்பட்டால் இன்னும் வெளிறும். ஆனால் இல்லாமற் போகாது. யந்திரத்துக்கு அந்த வெளிறிய அழுக்கு போதும். அதன்பின் படத்தைச் சுத்தக் கறுப்பு வெள்ளையாக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். பாதிக்குக் குறைந்த சாம்பலெல்லாம் வெள்ளையாகி, காப்பாற்றிய புள்ளி மறுபடியும் போய்விடும். மூன்று மாத வேலையைத் திரும்பச் செய்தோம்.

சராசரி முறையே எப்போதும் உத்தமம் என்று அதன்பின் நான் பிரசங்கம் செய்யத் தொடங்கியபோது, மருமகன் எனக்கு ஒரு பாடம் வைத்திருந்தான். பக்கத்தில் எது தலைப்பு, எது செய்தி, எது விளம்பரம் என்று காட்டுவதற்கு இன்னொரு படம் வரைந்து, தலைப்புக்கு 1, செய்திக்கு 2, விளம்பரத்துக்கு 3 என்று கட்டந்தோறும் இலக்கம் இட்டிருந்தோம். பக்கத்தைச் சிறுப்பித்த கையோடு அதையும் சராசரி முறையிலே சிறுப்பித்தேன். தலைப்பும் விளம்பரமும் தொட்டுக்கொண்ட எல்லையில் ஒன்றும் மூன்றும் கலந்து இரண்டாகி, அங்கே இல்லாத ஒரு செய்தி மெல்லிய கோடாக முளைத்தது. பெயருக்குச் சராசரி கிடையாது. அந்த இலக்கப் படத்துக்கு நான் சபித்து ஒதுக்கிய பொறுக்கி எடுக்கும் முறையே சரி.

இன்னுமொரு சங்கடம் மென்பொருட்களால் வந்தது. பில்லோ என்னும் மென்பொருள் தொகுதி சிறுப்பிக்கும்போது தேவையான அளவு கட்டங்களைக் கலந்துகொள்ளும். ஓப்பன்சீவியோ, வேறு விதமாகச் சொல்லாவிட்டால், எவ்வளவு சிறுப்பித்தாலும் அயலிலுள்ள நாலு கட்டங்களைத்தான் பார்க்கும். பழக்கும்போது ஒன்றையும் வாசிக்கும்போது மற்றதையும் பாவித்தோம். யந்திரம் பழகிய எழுத்து வேறு, கண்ட எழுத்து வேறு. கண்டுபிடிக்கப் பதினைந்து நாள் சென்றது. இந்த வேற்றுமையை அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் 2022இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார்கள் என்று மருமகன் பிறகு காட்டினான். அதை முதலிலே வாசித்திருந்தால் தேநீர்ச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

தரவுப் பெருக்கம் உண்மையில் கைகொடுத்தது பழைய எழுத்துக்களுக்கு. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய அச்சிலே 'ணை, லை, ளை, னை' நாலும் யானைத் துதிக்கைபோல் மேலெழுந்த கொம்போடு இருக்கும், 'ணா, றா, னா'வும் அவற்றின் ஒகர ஓகாரங்களும் வேறு விதமாய்ச் சுருண்டிருக்கும், மொத்தம் பதின்மூன்று. இன்றைய எழுத்தில் பழகிய எந்த எழுத்துணரியும் இவற்றைக் கண்டால் திகைக்கும். 'லை'யாவது அடிக்கடி வருவது. 'றொ'வும் 'ணோ'வும் பக்கம் பக்கமாகத் தேடினாலும் விரல்விட்டு எண்ணத்தக்கனவே. கிடைத்த ஒவ்வொன்றையும் நூற்றுக்கு எண்பது முதல் நூற்றிருபது பங்குவரை சிறுப்பித்தும் பெருப்பித்தும் பல்கச் செய்தோம். அதற்கு மேலே போனதில்லை. துதிக்கை வரியின் தலைக்கு மேலே நீள்வதால், வரியை வெட்டும்போது நெற்றிக்கு மேல் இடம் விட வேண்டும் என்பதையும் சில துதிக்கைகளை அறுத்த பிறகே கற்றோம்.

பத்திரிகைப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்குலத்துக்கு 65 வரிசையுள்ள திரையின் ஊடாக எடுத்த புளொக்கில் படம் முழுவதும் புள்ளிமயம். அதை 400 கட்டத்தில் ஸ்கான் செய்து பொறுக்கிச் சிறுப்பித்தால், காலி வீதிச் சேலைக் கடையில் இரண்டு வலைத்துணிகளை ஒன்றன்மேல் ஒன்று பிடித்தாற்போல் இல்லாத அலைகள் தோன்றும். போதாக்குறைக்கு, படத்தின் ஓரத்துப் புள்ளிகள் கீழேயுள்ள விளக்க வரியின்மேல் ஏறி நின்று, உயிர்மெய்யையெல்லாம் மெய்யாக்கிவிடும். முன்பு புள்ளி போயிற்றே என்று அழுத நாங்கள், புள்ளி கூடிற்றே என்று அழுதோம்.

இப்போது யந்திரம் பல் வைத்தியரைப் பல் வைத்தியர் என்றே வாசிக்கிறது. தேய்ந்த அச்சில் இன்னமும் தடுமாறுகிறது. பக்கங்கள் போதவில்லை. வாசகர் எவர் வீட்டிலாவது பழைய பத்திரிகையோ கல்வெட்டோ அலுமாரிக்குள் கிடந்தால், அவற்றைப் பேணுவோருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது தன் பாட்டில் சிறுப்பித்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள். எடுக்கும்போது தாளின் ஓரத்தில் ஓர் அடிமட்டத்தையும் வைத்து எடுங்கள்.